பரிசோதனைக் களமான மலையகம்

விஞ்ஞானம் கூறிவிட்டது என்பதும் விஞ்ஞானத்தை நம்பாதே என்பதும் இன்று ஒரே மேடையில் ஒலிக்கும் இரு கோஷங்களாகிவிட்டன. இலங்கையில் இவ்விரு கோஷங்களும் மாறி மாறி அரசாணைகளாக உருவெடுத்த வரலாறு அண்மைக்காலத்தது. 2015ஆம் ஆண்டு யூன் மாதத்தில் கிளைபோசேற் என்னும் களைநாசினி தடைசெய்யப்பட்டது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை, பீடைநாசினி ஆகியவற்றின் இறக்குமதியே ஒரு வர்த்தமானி அறிவித்தலால் நிறுத்தப்பட்டது. மண்ணின் பெயராலும் மக்களின் ஆரோக்கியத்தின் பெயராலும் விதிக்கப்பட்ட இவ்விரு தடைகளும் பின்னர் தளர்த்தப்பட்டன. கொழும்பிலே இவை பத்திரிகை விவாதங்களாக இருந்தன. ஹற்றனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் இவை அன்றைய தினம் முழுப்பேர் விழுமா, அரைப்பேர்தானா என்ற கேள்வியாக இருந்தன.

முதலாவது தடையின் பின்னணி மலையகத்தில் இல்லை. அநுராதபுரம், பொலன்னறுவை முதலிய உலர்வலய மாவட்டங்களின் நெற்செய்கையாளரிடையே, காரணம் துணியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களிலிருந்து பரவி ஆயிரக்கணக்கான குடும்பங்களைச் சிதைத்தது. 2014ஆம் ஆண்டில் சன்ன ஜயசுமனவும் அவருடைய சகாக்களும் இதற்கு ஒரு கருதுகோளை வெளியிட்டனர். கிளைபோசேற், அப்பிரதேசத்துக் கடின நீரோடும் உலோகங்களோடும் பிணைந்து சிறுநீரகத்தைச் சேதப்படுத்தக்கூடும் என்பது அதன் சாரம். கருதுகோளை முன்வைத்தல் குற்றமன்று. நோயின் காரணத்தை எவரும் ஐயமற நிறுவாத நிலையில் அது வரவேற்கத்தக்கதுமாகும். ஆனால் கருதுகோள் ஆய்வுகூடத்திலிருந்தும் வயலிலிருந்தும் சோதிக்கப்பட்டுத் திரும்பி வருவதற்கு முன்னரே அது அரசின் கொள்கையாயிற்று. 2015 மார்ச்சில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் கிளைபோசேற்றை மனிதரில் புற்றுநோயை விளைவிக்கும் வாய்ப்புள்ள பொருள்களின் வரிசையில் சேர்த்தமை இதற்குத் துணையாகக் காட்டப்பட்டது. அம்முடிவு புற்றுநோயைப் பற்றியது, சிறுநீரகத்தைப் பற்றியதன்று. எந்த அளவு நஞ்சு எவருடைய உடலிற் சேர்கிறது என்பதையும் அது அளக்கவில்லை.

இங்கு மனங்கொள்ளத்தக்க விடயம் ஒன்றுண்டு. அக்கருதுகோளை முற்றாக ஏற்றுக்கொள்வோரும் மலையகத்தில் அந்தத் தடையை நியாயப்படுத்த முடியாது. கடின நீர் அதன் அச்சாணி. மலைநாட்டு ஊற்று நீரோ மென்னீர். தேயிலைத் தோட்டங்களிலே இம்மருந்து பல்லாண்டுகளாக அடிக்கப்பட்டு வந்தும், உலர்வலயத்தில் கண்ட அந்நோயின் பரம்பல் தோட்டங்களிற் காணப்படவில்லை. ஆகவே கருதுகோள் சரியாயினும் பிழையாயினும், டிக்கோயாவின் மலைச்சரிவில் தடைக்கு ஆதாரம் இல்லை. தன் கருதுகோளையே சரியாக வாசிக்காத ஒரு கொள்கையை விஞ்ஞானம் எனவும் கூறமுடியாது. விஞ்ஞானத்தின் மீதான ஐயம் எனவும் கூறமுடியாது. அது அரசியலின் அவசரம் மட்டுமே.

தடைக்குப் பின் களைகள் காத்திருக்கவில்லை. புல்வெட்டுக்கு ஆளில்லாத தோட்டங்களில் தேயிலைத் தூரின் இடையே பற்றை இடுப்பளவு வளர்ந்தது. பற்றையென்றால் அட்டை, பாம்பு, குளவிக்கூடு என்று பொருள். கொழுந்துக் கூடையைச் சுமந்துகொண்டு அதற்குள் இறங்குபவர் அமைச்சரல்லர், தோட்டத்துரையுமல்லர். மாற்றாகக் கையாளப்பட்ட எம்.சி.பி.ஏ. என்ற இன்னொரு களைநாசினியின் எச்சம் தேயிலையில் வரம்பை மீறியதென யப்பானிலிருந்து முறைப்பாடு வந்த பின்னரே கொழும்பு விழித்துக்கொண்டது. 2018 யூலையில் தேயிலைக்கும் இறப்பருக்கும் மாத்திரம் 36 மாத காலத்துக்குத் தடை தளர்த்தப்பட்டது. குளவி கொட்டிய கொழுந்துக்காரியின் முறைப்பாட்டைவிட யப்பானியச் சந்தையின் முறைப்பாடு விரைவாகச் செவியேறிற்று எனக் கொள்வதில் தவறில்லை. களைநாசினியைக் கைவிட்டுச் சுரண்டியால் புல்லை வழித்தல் இயற்கைக்கு உகந்த முறை என்று வாதிட்டோர், மலைநாட்டின் வரலாற்றை மறந்தனர். கோப்பிக் காலத்திலும் தேயிலையின் தொடக்ககாலத்திலும் வெள்ளைத் துரைமார் வற்புறுத்திய முழுத்துப்புரவான களையெடுப்பே மலைச்சரிவின் மேல்மண்ணை ஆற்றில் இறக்கியது.

இவ்வளவும் கூறியதனால் மறுதரப்பார் குற்றமற்றவர்கள் ஆகிவிடவில்லை. தடைக்காலத்தில் விஞ்ஞானத்துக்காகக் கண்ணீர் வடித்த தோட்ட நிர்வாகங்கள், அதே விஞ்ஞானம் கூறும் கையுறையையும் முகமூடியையும் மருந்தடிக்கும் தொழிலாளிக்கு ஒழுங்காக வழங்கினவா? புற்றுநோய் அறிக்கையை மறுத்து எழுதப்பட்ட கட்டுரைகளில், முதுகில் மருந்துத் தாங்கியோடு காற்றுக்கு எதிரே நடப்பவனின் உடலைப் பற்றி எத்தனை வரிகள் இருந்தன? ஆராய்ச்சியாளர் என்றும் சரியாகவே கூறினர் என்பதற்கும் வரலாறு இடந்தராது. 1930களின் நடுப்பகுதியில் யாவாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவி, தேயிலையிலையைச் சுருட்டும் புழுவை அடக்கி வைத்தது. மருந்தின்றிப் பீடையை வென்ற அந்த நிகழ்ச்சி உலகப் பாடநூல்களிலும் இடம்பெற்றது. பின்னர் 1950களில், தண்டைத் துளைக்கும் வண்டுக்கு எதிராக டீல்ட்ரின் அடிக்கப்பட்டபோது அக்குளவியும் மடிந்தது. அடங்கியிருந்த சுருட்டுப்புழு மீண்டும் பெருகியது. இத்தவற்றை ஆராய்ச்சியாளர்களே கண்டறிந்து பதிந்தனர் என்பதும் குறிப்பிடற்பாலது. தன் பிழையைத் தானே அளந்து எழுதும் இப்பண்பு 2015ஆம் ஆண்டின் தடைக்கும் இல்லை, 2021ஆம் ஆண்டின் தடைக்கும் இல்லை.

தடை என்பதே தவறு என வாதிடுவோரும் இந்த நாட்டின் அனுபவத்தைத் திரும்பிப் பார்த்தல் வேண்டும். கொடிய பீடைநாசினிகளை அருந்தித் தற்கொலை செய்துகொள்வது இலங்கையில் ஒரு தேசியப் பேரவலமாக இருந்தது. 1984இல் பரதயோன், 1995இல் உலக சுகாதார நிறுவனம் முதலாம் வகுப்பில் வைத்த நஞ்சுகள், 1998இல் எண்டோசல்பான், 2008 தொடக்கம் 2011 வரை படிப்படியாகப் பரகுவாற் என்று தடைகள் வந்தன. 1995ஐ அண்டி உலகின் மிக உயர்ந்த நிலையில் நின்ற தற்கொலை வீதம் அடுத்த பத்தாண்டுக்குள் பாதியாகக் குறைந்தது. கிரமக்சோன் என்ற பெயரில் லயங்களுக்குள் அனைவரும் அறிந்திருந்த பரகுவாற் அகன்றதற்காக எந்தத் தோட்டமும் மூடப்படவில்லை. அத்தடைகளுக்கு முன்னே மரணங்கள் எண்ணப்பட்டன, பின்னேயும் எண்ணப்பட்டன.

2021ஆம் ஆண்டுத் தடையிலோ எண்ணிக்கைக்கே இடமிருக்கவில்லை. 2019ஆம் ஆண்டுத் தேர்தல் விஞ்ஞாபனத்தில் பத்தாண்டு மாற்றம் எனப்பட்டது ஒரே நாளில் நிகழவேண்டுமென ஆணையிடப்பட்டது. டொலர் இருப்பு வற்றிக்கொண்டிருந்த வேளையில் பசளை இறக்குமதிச் செலவை மிச்சப்படுத்தும் நோக்கமும் அதனுள் இருந்தது என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து. ஆலோசனைக் குழுவில் இருந்தவாறே அழிவை எச்சரித்த தேயிலைத் தோட்ட உரிமையாளர் ஹேர்மன் குணரத்ன அக்குழுவிலிருந்து நீக்கப்பட்டார்.

பாடசாலைக் கணக்கே இங்கு போதுமானது. பதப்படுத்திய தேயிலையில் நூற்றுக்கு நான்கு பங்களவு நைதரசன். ஒரு தொன் தேயிலை மலையை விட்டுப் போனால் ஏறக்குறைய 40 கிலோ நைதரசன் அதனோடு போகிறது. அதனை ஈடுசெய்ய யூரியாவாயின் இரண்டு மூடைக்கும் குறைவு. கூட்டெருவாயின், அதில் நைதரசன் நூற்றுக்கு இரண்டைத் தாண்டுவது அரிதாகையால், மிகக் குறைந்தது இரண்டு தொன். 2020இல் நாடு 278 மில்லியன் கிலோ தேயிலையை உற்பத்தி செய்தது. அவ்வளவுக்கும் ஐந்தரை இலட்சம் தொன் கூட்டெரு எங்கே இருந்தது, எவருடைய தோளில் அது மலையேறும் என்று கேட்டவர்கள் வியாபாரிகளின் கையாட்களெனத் தூற்றப்பட்டனர். சேதன முறையில் தேயிலை விளையாது என்பதன்று வாதம். அப்புத்தளைப் பக்கத்து இதல்கஸ்ஹின்ன தோட்டத்தில் 1980களிலேயே அது விளைந்தது. ஆண்டுகள் எடுத்து, தனிச்சந்தை பிடித்து, கூடிய விலைக்கு விளைந்தது. ஒரு தோட்டம் பொறுமையோடு செய்ததை நாடு முழுவதும் ஒரு வர்த்தமானி செய்யும் என நம்பியதே மூடநம்பிக்கை.

2021 நவம்பரில் தடை நீங்கியது. தேயிலைச் செடி தன் சேமிப்பிலிருந்து சில காலம் கொடுக்கும் இயல்புடையது. ஆகவே அவ்வாண்டு 299 மில்லியன் கிலோ கிடைத்தது. அடியின் வலி பிறகே தெரிந்தது. விலையேறிய பசளையை வாங்க இயலாத 2022இல் உற்பத்தி ஏறக்குறைய 251 மில்லியன் கிலோவாகச் சரிந்தது. கால் நூற்றாண்டிலே காணாத வீழ்ச்சி.

இவ்வீழ்ச்சியை மில்லியன் கணக்கில் எழுதுவது எளிது. கொழுந்து மலையில் அதன் அலகு வேறு. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அதற்குப் பதிலாகப் பல தோட்டங்கள் கொழுந்தின் அளவை உயர்த்தி 18 கிலோவும் அதற்கு மேலும் கேட்டன. குறைந்தால் அரைப்பேர். பசளை காணாத செடியில் அரும்பு குறைகிறது. பற்றை மூடிய மலையில் கை வேகம் குறைகிறது. ஆனால் நிறுக்கும் தராசுக்கு இரண்டும் தெரியாது. அரசின் பரிசோதனை தோற்றதற்கான தண்டம் கணக்கப்பிள்ளையின் ஏட்டில், கொழுந்துக்காரியின் பேருக்கு நேரே பதியப்பட்டது.

2022இல் ரூபாவின் பெறுமதி விழுந்தபோது கொழும்பு ஏலத்தில் தேயிலையின் சராசரி விலை முன்னைய ஆண்டின் ஏறக்குறைய இரு மடங்காயிற்று. விளைச்சல் குறைந்தும் கம்பனிகளுக்கு அது ஓரளவு ஈடுசெய்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் பணவீக்கம் நூற்றுக்கு எழுபதை அண்மித்தது. தடையை ஆதரித்தோரும் எதிர்த்தோரும் மண்ணைப் பற்றியும் டொலரைப் பற்றியும் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தனர். 1000 ரூபா என்ற அந்த நாட்சம்பளம் 2024 செப்டெம்பர் வரை அசையவில்லை.