புயலுக்குப் பின் குடிநீர்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், புதுக்கோட்டை மாவட்டத்தையும் கடுமையாகத் தாக்கியது. மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் மூழ்கின. கட்டுமாவடி போன்ற கடலோர ஊர்களில் வாழும் நீங்கள் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும்: காற்று ஓய்ந்த பின்னரும் ஆபத்து ஓய்வதில்லை.

மின்சாரம் இல்லையெனில் மோட்டார் இயங்காது. மேல்நிலைத் தொட்டி நிரம்பாது. குழாயில் அழுத்தம் குறையும்போது விரிசல்களின் வழியே கழிவுநீர் உட்புகக்கூடும். நகரமாயினும் சிற்றூராயினும் இதுவே நிகழ்கிறது. தெளிவாகத் தோன்றும் நீரிலும் நோய்க்கிருமிகள் இருக்கலாம்.

எனவே, குடிநீரைக் குறைந்தது 1 நிமிடம் நன்கு கொதிக்க வைத்து, மூடி ஆறவைத்துப் பருகுங்கள். வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், 1 லிட்டருக்கான உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை அதே அளவு நீரில் கரைத்து, 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்துங்கள். நீர் அருந்துவதில் கட்டுப்பாடு உள்ள சிறுநீரக, இதய நோயாளிகள் மருத்துவரிடம் அளவைக் கேட்டறிவது அவசியம்.

டயாலிசிஸ் பெறுவோர் புயல் எச்சரிக்கை வந்தவுடனே தங்கள் சிகிச்சை மையத்தைத் தொடர்புகொள்ள வேண்டும். குளிர்சாதனப் பெட்டி இயங்காதபோது, இன்சுலினை நீர் புகாத உறையிலிட்டு, ஈர மணல் நிரப்பிய மண்பானையில் வையுங்கள்.

தேங்கிய நீரில் நடந்தவருக்குச் சில வாரங்களுக்குள் காய்ச்சலும் தசைவலியும் கண்டால், அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். வெள்ளநீரில் நடந்ததை மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள். ஆலோசனைக்கு 104, அவசர ஊர்திக்கு 108.