மாறிக்குப் பெயர் வைப்பது யார்?

"பைதனில ஒதுக்கப்பட்ட சொல் மொத்தமே 35தான். அதைப் பாடமாக்க ஏலாதா?" தாய்மொழியில் கணினி மொழி என்று வாய் திறந்தாலே எங்களிடம் நீட்டப்படுகிற கேள்வி இது. நைஜீரியாவின் யொரூபா மொழிச் சொற்களைக் கொண்டு செய்த யோர்லாங்கைக் காட்டினால் சிரிப்பு வேற. திரையில் ஒன்றைக் காட்டச் சொல்ல அதில் 'சொப்பே' என்று எழுதவேண்டும். 'என்று சொல்' எண்டு அர்த்தம். இதில் சிரிக்க என்ன இருக்கு?

சரி, 35 சொல்லைப் பாடமாக்கலாம். நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் ஒரு செய்நிரலை விரித்துப் பாருங்கோ: அதில் நிறைந்து கிடப்பது அந்த 35 சொல்லா, மாறிகளின் பெயர்களா? ஒதுக்கப்பட்ட சொல்லை மொழியைச் செய்தவர் தருகிறார். மாறிக்குப் பெயர் வைப்பது எழுதுகிற ஆள். விலை, கடன், அறுவடை என்று, எது கணக்கில் வரவேண்டும் என்பதை அவர் தீர்மானிக்கிற இடம் அது. அங்கேயும் ஆங்கிலத்தில்தான் யோசிக்கவேணும் எண்டால், 35 சொல் கதை எங்கே போச்சு?

"ஆங்கில எழுத்தில் யொரூபாப் பெயரை எழுதட்டுமே" என்பார்கள். எழுதிப் பாருங்கோ. யொரூபாவில் தாழ்ந்தது, நடுவானது, உயர்ந்தது என மூன்று தொனிகள். 'ஒக்கொ' என்ற ஒரே எழுத்துக்கோவை, தொனிக்கு ஏற்பக் கணவன் ஆகும், மண்வெட்டி ஆகும், வாகனம் ஆகும், ஈட்டியும் ஆகும். கமக்காரர் ஒருவரின் செலவுக் கணக்கில் மண்வெட்டிக்கு ஒரு மாறி, லொறிக்கு ஒரு மாறி வேண்டும். தொனிக்குறியை எடுத்துவிட்டால் இரண்டும் ஒரே பெயர். லொறியின் விலை மண்வெட்டியின் விலைக்கு மேல் ஏறி உட்கார்ந்துவிடும்.

குறியோடு எழுதினாலும் கதை முடியாது. கீழே புள்ளியும் மேலே தொனிக்குறியும் உள்ள அந்த எழுத்துக்கு யூனிகோட்டில் தனி இலக்கம் இல்லை. துண்டுகளைச் சேர்த்துத்தான் வரும். சேர்க்கிற வழியும் ஒன்றல்ல. கண்ணுக்கு ஒரே சொல், ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு இரண்டு வேறு மாறிகள். யோர்லாங் எழுதப்பட்டதும் அந்த ஜாவாஸ்கிரிப்ட்டில்தான். பைதனோ இப்படியான பெயர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஒப்பிடுகிறது. ஆகவே செய்யமுடியாத காரியம் இல்லை, யார் அக்கறைப்படுவது என்பதுதான் பிரச்சினை. சிரிக்கிற எங்கட ஆக்களுக்கு ஒரு செய்தி: தமிழின் 'கொ' எழுத்தையும் யூனிகோட்டில் இரண்டு விதமாகச் சேர்க்கலாம்.

இன்னொரு பக்கம், சொல்லை மாற்றியதுமே காலனியம் செத்துவிட்டது என்று கைதட்டுகிற கூட்டம். அவர்களோடும் எங்களுக்கு ஒத்துவராது. தரவு வகைகளைப் பாருங்கோ. யோர்லாங்கில் மாறியை அறிவிக்கும்போது வகை சொல்லத் தேவையில்லை. எண்ணும் போடலாம், எழுத்துச் சரமும் போடலாம். ஆனால் அந்த எண் எப்படிப்பட்ட எண்? யொரூபாவின் மரபான எண்ணிக்கை இருபதுகளில் நடக்கிறது, கழித்தும் போகிறது. 50 என்பது மூன்று இருபதில் பத்துக் குறைய. 45 என்றால் அந்த ஐம்பதிலும் ஐந்து குறைய. சந்தையில் இப்படி எண்ணிப் பழகிய ஒருவர் செய்நிரலுக்குள் வந்ததும் 4, 5 என்ற இலக்கங்கள் மட்டும்தான் மிஞ்சுகின்றன. யொரூபா எண்சொல்லையே எண்ணாக வாங்குகிற ஒரு தரவு வகையைச் செய்து பார்த்தால் என்ன? வீண்வேலை என்று சொல்ல முதல், பத்துப் பத்தாக எண்ணுகிற பழக்கம் மட்டும் ஏன் 'இயல்பு' ஆனது என்று யாராவது விளங்கப்படுத்துங்கோ.

வேலை கிடைக்குமா? கிடைக்காது. லாகோஸில் ஒரு கம்பனி ஆள் எடுக்கும்போது யோர்லாங்கைக் கேட்கப்போவதில்லை. ஆனால் மாறி என்றால் என்ன என்று முதல்நாள் விளங்கிக்கொள்ள வந்த பிள்ளை வேலை விண்ணப்பம் நிரப்ப வரவில்லை. பெட்டிக்குள் என்ன இருக்கு என்பதை விளங்க முதல், பெட்டிமேல் ஒட்டியிருக்கிற ஆங்கிலப் பெயரை விளங்கவேண்டிய கட்டாயம் அந்தப் பிள்ளைக்கு எதுக்கு?

அடுத்தமுறை யாராவது 'எங்கட மொழியில கணினி மொழி' என்று கொண்டுவந்தால், ஒதுக்கப்பட்ட சொற்களின் பட்டியலைக் கேட்காதேங்கோ. 'கொடை' என்று ஒரு மாறியை இரண்டு விதமாகத் தட்டி, அது ஒன்றா இரண்டா என்று கேளுங்கோ.