மட்டை வீசாத பையனும் நாங்களும்

பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள். ஒரு ஜப்பான் கார்ட்டூனைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். “சேருக்கு வேற வேலை இல்லையா?” என்று கேட்கப்போகிறவர்கள் கடைசிப் பந்தி வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த லீவில் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைத் துப்புரவு செய்துகொண்டிருந்தேன். பாடக்குறிப்புகளுக்கும் கல்யாண வீட்டுப் படங்களுக்கும் நடுவே ‘ஃபூலி கூலி’ என்று ஒரு ஃபோல்டர். கல்வியியற் கல்லூரி விடுதியில் இருந்த காலத்தில் ஒரு கூட்டாளியின் பென் டிரைவில் இருந்து ஏற்றியது. அந்த நாளில் ஆறு பேர் ஒரு லெப்டொப்பைச் சுற்றிக் குந்தினோம். முதல் எபிசோட் முடிவதற்குள் நாலு பேர் “இது என்ன பைத்தியம்” என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்கள். நானும் இன்னொருவரும் விடியும் வரை இருந்து முழுவதையும் பார்த்தோம். உண்மையைச் சொன்னால் எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் பிடித்திருந்தது. கிற்றார் சத்தமும், ஓடுகிற ஓட்டமும், நிறமும்.

பத்து வருசத்துக்கு மேல் வகுப்பறையில் நின்றுவிட்டு இப்போது திரும்பப் பார்த்தபோது வேறு ஒன்று தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மொத்தம் 6 எபிசோட்தான். ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம் கூட இல்லை. 2000 ஏப்ரலில் இருந்து 2001 மார்ச் வரை ஜப்பானில் ஒவ்வொன்றாக வீடியோவில் வெளிவந்தது. தயாரிப்பில் முக்கிய பங்கு கைனாக்ஸ் ஸ்டுடியோவுடையது. ‘எவாஞ்சலியன்’ என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அதை எடுத்தவர்கள். இயக்கியவர் கஸுயா ட்சுருமாகி, எழுதியவர் யோஜி எனோகிடோ. 2003 இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் நள்ளிரவு நேரத்தில் போட்ட பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது.

கதை மபாஸே என்ற சின்ன ஊரில் நடக்கிறது. நவோட்டா என்று 12 வயதுப் பையன், ஆறாம் வகுப்பு. தாயைக் காணமுடியாது. தகப்பனும் பாட்டனும் மட்டும். பாட்டன் ஒரு பேக்கரி வைத்திருக்கிறார். அண்ணன் தசுகு பேஸ்போல் விளையாடுவதில் ஊரே மெச்சும் ஆள், அமெரிக்காவுக்குப் போய்விட்டான். ஒரு நாள் ஹருகோ என்ற பெண் மஞ்சள் வெஸ்பா ஸ்கூட்டரில் வந்து நவோட்டாவை மோதுகிறாள். பிறகு தன்னுடைய பேஸ் கிற்றாரால் அவனுடைய தலையிலேயே ஓங்கி அடிக்கிறாள். அடித்த இடத்தில் கொம்பு மாதிரி ஒன்று முளைக்கிறது. அவன் அதைப் பிளாஸ்டர் ஒட்டி மறைக்கிறான். பிறகு அந்த நெற்றியைப் பிளந்துகொண்டு ரோபோ வெளியே வருகிறது. தலைக்குப் பதிலாக டீவி பெட்டி உள்ள ரோபோ. அது கடைசியில் அவர்கள் வீட்டிலேயே தங்கி வீட்டு வேலை செய்கிறது!

படம் வரைந்திருக்கும் விதமும் அப்படித்தான். முதல் எபிசோடில் ஒரு காட்சி திடீரென்று கொமிக்ஸ் புத்தகப் பக்கமாக மாறிவிடும். கெமரா அந்தப் பக்கத்தின் மேலே கட்டம் கட்டமாக ஓடும், ஆட்கள் அந்தக் கட்டங்களுக்குள் இருந்தபடியே பேசுவார்கள். ஒரு நிமிடம் முகங்கள் சாதாரணமாக இருக்கும், அடுத்த நிமிடம் ரப்பர் மாதிரி இழுபடும். கண்ணுக்கு ஓய்வே கிடைக்காது.

இசை ‘த பில்லோஸ்’ என்ற ஜப்பான் ரொக் குழுவுடையது. 1989 இல் தொடங்கிய குழு. இதிலே ஒரு புதினம் இருக்கிறது. பெரும்பாலான பாடல்கள் இந்தத் தொடருக்காகச் செய்யப்பட்டவை இல்லை, அந்தக் குழு ஏற்கெனவே வெளியிட்டிருந்த அல்பங்களில் இருந்து எடுத்தவை. ஆனாலும் பாட்டு முதலா படம் முதலா என்று சொல்ல முடியாத அளவுக்குப் பொருந்திப்போகும். 2025 தொடக்கத்தில் அந்தக் குழு கலைந்துவிட்டது. கைனாக்ஸும் 2024 இல் வங்குரோத்துக்கு விண்ணப்பித்துவிட்டது. ஃபோல்டரைத் திறக்கும்போது ஏதோ இழவு வீட்டுக்குப் போகிற மாதிரித்தான் இருந்தது. (இசை கூடுமா கூடாதா என்ற விவாதத்தைத் தயவுசெய்து கொமெண்ட்டில் தொடங்க வேண்டாம். அதற்கு வேறு பதிவுகள் இருக்கின்றன.)

சரி, விசயத்துக்கு வருகிறேன்.

இருபது சொச்சம் வயதில் நான் பார்த்தது ரோபோ சண்டையை. இப்போது பார்த்தது அந்தப் பையனைச் சுற்றி இருக்கும் பெரியவர்களை. ஒருவர்கூடப் பெரியவராக இல்லை. தகப்பன் மகனைவிடச் சின்னப்பிள்ளையாக நடந்துகொள்கிறார். அமராவோ என்று ஒரு அரசாங்க அதிகாரி வருகிறார். தன்னைப் பெரிய மனிதனாகக் காட்டுவதற்குக் கடற்பாசித் தாளைத் தடிப்பான புருவமாக வெட்டி ஒட்டியிருக்கிறார். நினமோரி என்று ஒரு பெண் பிள்ளை, நகர மேயரின் மகள், வகுப்புத் தலைவி. தகப்பனைப் பற்றிய கதைகள் ஊரெல்லாம் அடிபட்டு வீடு உடையும் நிலையில் இருக்கும்போது, ஒன்றும் நடக்காதது போல முகத்தை வைத்துக்கொண்டு பாடசாலை நாடகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாள். அந்த நாடகத்தில் தனக்கும் நவோட்டாவுக்கும் பாத்திரம் கிடைக்கவேண்டும் என்று வாக்குகளைக்கூட மாற்றிவிடுகிறாள். மேயரின் மகள்தானே என்று சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. ஒரு சின்னப்பிள்ளைக்கு அந்த ஒரு மேடை அவ்வளவு தேவைப்பட்டிருக்கிறது.

பெரியவர்கள் பிள்ளைகளாகிவிட்டால் பிள்ளைகள் பெரியவர்களாக வேசம் போட வேண்டிவரும். நவோட்டா செய்வதும் அதுதான். இந்த ஊரில் புதிதாக ஒன்றுமே நடக்காது என்று அலுத்துப்போன கிழவன் மாதிரிப் பேசுகிறான். எதற்கும் ஆச்சரியப்படமாட்டான். நெற்றியில் கொம்பு முளைத்தாலும் அவனுக்கு முதலில் வருவது அதை மறைக்கவேண்டும் என்ற எண்ணம்தான்.

இன்னுமொன்று. மமிமி என்று 17 வயதுப் பெண் ஒருத்தி. அண்ணனை நினைத்துக்கொண்டு திரிகிறவள். அவன் போன பிறகு தம்பியோடு ஒட்டிக்கொள்கிறாள். அவள் நவோட்டாவைக் கூப்பிடும் செல்லப் பெயர் ‘தக்குன்’. அந்தப் பெயர் தசுகுவுக்கும் பொருந்தும், நவோட்டாவுக்கும் பொருந்தும். அவள் கூப்பிடும்போது யாரைக் கூப்பிடுகிறாள் என்று அந்தப் பையனுக்கே நிச்சயமில்லை. அண்ணனின் மட்டை, அண்ணனின் இடம், கடைசியில் அண்ணனின் பெயர்.

நாலாவது எபிசோடில் பேஸ்போல் ஆட்டம். பாட்டன்தான் அணிக்குப் பயிற்சி கொடுப்பவர். நவோட்டா மட்டையோடு போய் நிற்கிறான், பந்து வருகிறது, அவன் வீசவே மாட்டான். சும்மா நிற்பான். பந்து போய்விடும். எல்லோரும் ஏசுவார்கள். அவன் அலட்டிக்கொள்ளாதவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வான். கடைசியில் வானத்தில் இருந்து ஒரு பெரிய குண்டு பந்து மாதிரி ஊரை நோக்கி விழும்போதுதான் அவன் முதன்முதலாக வீசுகிறான். அதுவும் மட்டையால் இல்லை, கிற்றாரால்.

இந்த இடத்தில் நான் வீடியோவை நிறுத்திவிட்டேன்.

என்னுடைய வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். பெயர் சொல்லமாட்டேன். அவனுடைய காக்காவும் என்னிடம் படித்தவர், ஓ.எல். பரீட்சையில் 9ஏ எடுத்தவர். கடைத்தெருவில் பேனர் அடித்தோம், அதிலே அவருடைய படம் இருந்தது, எனக்கும் பெருமைதான். தம்பி என் வகுப்புக்கு வந்த முதல் நாளே நான் சொன்னேன், “உன்ட காக்கா இதே வாங்கில இருந்துதான் 9ஏ எடுத்தவர்.” பாராட்டாகத்தான் சொன்னேன். பிறகு அது பழக்கமாகிவிட்டது. கணக்குச் சரியாக வந்தால் “காக்காட தம்பிதானே”. பிழைத்தால் “காக்கா இப்பிடிச் செய்ய மாட்டார்”. ஒரு தவணை முடிவில் யோசித்துப் பார்த்தால் நான் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது குறைவு.

போன தவணைப் பரீட்சையில் அவனுடைய விடைத்தாளில் பாதி வெற்று. சோம்பல் என்று நினைத்து முன்னால் கூப்பிட்டு ஏசினேன். பிறகு தாளைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் பென்சிலால் சின்னதாகச் செய்து பார்த்திருக்கிறான். மூன்று கணக்கு. மூன்றும் சரி. அதன் மேல் கோடு இழுத்துவிட்டு முன்பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறான்.

“ஏன் மகன் எழுதல்ல?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான், “எழுதிப் பிழைச்சா காக்கா மாதிரி இல்லண்டு சொல்லுவாங்க சேர். எழுதாட்டி படிக்கல்லண்டு மட்டும்தான் சொல்லுவாங்க.”

அன்றைக்கு அதற்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. “சரி போ, அடுத்த முறை எழுது” என்று அனுப்பிவிட்டேன். அந்தக் கார்ட்டூன் பையன் மட்டையோடு சும்மா நின்றபோதுதான் விளங்கியது. வீசாத மட்டை தவறாது. அவன் சோம்பேறி இல்லை. தோற்பதற்கு ஒரு பாதுகாப்பான வழியைக் கண்டுபிடித்திருக்கிறான். அந்த வழியை அவனுக்குக் காட்டிக்கொடுத்ததில் நானும் ஒருவன்.

இந்தத் தொடரை விரும்புகிறவர்கள் பலர் ஹருகோ அந்தப் பையனை விடுதலை செய்ய வந்தவள் என்று சொல்வார்கள். விடுதியில் நானும் அப்படித்தான் வாதாடினேன். இப்போது எனக்கு அந்தக் கருத்து இல்லை. அவள் கெட்டவள் என்றும் சொல்லவில்லை. அவளால்தான் அவன் அசைந்தான், அது உண்மை. ஆனால் அவளுக்குத் தேவை அட்டோம்ஸ்க் என்ற பெரும் சக்தி. அது வெளியே வரக்கூடிய வாசல் இந்தப் பையனின் தலை. அதனால்தான் அந்தத் தலையில் அடிக்கிறாள். வேண்டியது வெளியே வரும் வரைக்கும் அவளுக்கு அவன் முக்கியம். கடைசி எபிசோடில் அவனுக்கு அந்தச் சக்தியே கிடைத்து, அவளை அடிக்கக்கூடிய நிலையில் நிற்கும்போது, அவன் அடிக்கவில்லை. மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறான். அட்டோம்ஸ்க் பறந்துவிடுகிறது. அவளும் அதன் பின்னால் போய்விடுகிறாள். அவன் இன்னும் சின்னப்பிள்ளைதான் என்று சொல்லிவிட்டு.

அதைப் பார்க்கும்போது எனக்கு எங்களுடைய பேனர்கள்தான் ஞாபகம் வந்தன. நாங்களும் பிள்ளைகளின் தலையில் தட்டிக்கொண்டே இருக்கிறோம். புலமைப்பரிசில், ஓ.எல்., ஏ.எல். என்று. அந்தத் தலைக்குள் இருந்து 9ஏ வெளியே வரவேண்டும். பாடசாலைக்கு, குடும்பத்துக்கு, ஊருக்கு. வந்தால் பேனர். வராத பிள்ளைகளின் பெயர் எங்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

அந்த ஊரின் நடுவே ஒரு பெரிய தொழிற்சாலை இருக்கிறது. துணி அழுத்தும் ஸ்திரிக்கைப்பெட்டியின் வடிவத்தில். புகை விட்டுக்கொண்டே இருக்கும். அது எதற்கு என்று பிறகு விளக்கம் வரும். மனித மூளையின் மடிப்புகளை எல்லாம் அழுத்தித் தட்டையாக்கி, யோசிக்க முடியாமல் செய்வதற்காம். கேட்கும்போது சிரிப்பு வரும். ஆனால் பாடசாலைக்குள் நின்று கேட்டுப் பாருங்கள்.

எச்சரிக்கை ஒன்றும் சொல்லவேண்டும். கார்ட்டூன் என்பதற்காக வீட்டில் பிள்ளைகளிடம் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். இரட்டை அர்த்தப் பகிடிகள் நிறைய, சின்னவர்களுக்கு ஏற்காத காட்சிகளும் இருக்கின்றன. பதின்ம வயதுப் பையனோடு பெரிய பெண்கள் பழகும் விதத்தை ஓர் ஆசிரியராகப் பார்க்கும்போது பல இடங்களில் எனக்கே சங்கடமாக இருந்தது. பெற்றோர் பார்க்கலாம், ஆசிரியர்கள் பார்க்கலாம். 2018 இலும் 2023 இலும் தொடர்ச்சிகள் வந்திருக்கின்றன. என்னைக் கேட்டால் முதல் ஆறும் போதும்.

கடைசியில் நவோட்டா பெரிய வீரனாகிவிடவில்லை. அடுத்த வகுப்புக்குப் போகிறான், அவ்வளவுதான். ஆனால் இப்போது அவனாகப் போகிறான்.

லீவு முடிந்து பாடசாலை தொடங்கியதும் நான் அந்தப் பையனை விடைத்தாளோடு கூப்பிட்டேன். பின்பக்கத்தில் இருந்த மூன்று கணக்குக்கும் சிவப்புப் பேனையால் சரி போட்டேன். “புள்ளி கூட்ட ஏலாது, ஆனா இது நீ செஞ்சது” என்றேன். அவனுடைய பெயரைச் சொல்லித்தான் சொன்னேன். காக்காவைப் பற்றி இனி வகுப்பில் பேசமாட்டேன் என்றும் சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. தாளை மடித்துப் பொக்கெட்டில் வைத்துக்கொண்டு போய்விட்டான். அடுத்த கிழமை கரும்பலகையில் ஒரு கணக்கைச் செய்ய வந்தான். பிழைத்தது. வாங்கில் போய் இருந்துகொண்டு திரும்பச் செய்தான்.

பெற்றோரிடமும் என்னைப்போன்ற ஆசிரியர்களிடமும் நான் கேட்பது பெரிய விசயம் இல்லை. இன்றைக்கு வீட்டிலோ வகுப்பிலோ ஒரு பிள்ளையை, யாருடைய தம்பி என்றோ யாருடைய மகள் என்றோ சொல்லாமல், அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள். திரும்பிப் பார்க்கிற முகத்தைக் கவனியுங்கள்.