நூறு கருவிகள் வேண்டாம், பத்து போதும்



பினாங்கு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு மாலை நடந்து பாருங்கள். நகைக்கடைகள், நாணய மாற்றுக் கடைகள் இருக்கும் அந்தச் சாலையோரம் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். அவற்றில் ஹோண்டா, யமஹா 'கப்சாய்' வண்டிகளே அதிகம் கண்ணில் படும். உங்கள் வீட்டு வாசலிலும் அப்படி ஒன்று நிற்கலாம். அதன் எண்ணெயை மாற்றவும் சங்கிலியை இறுக்கவும் நீங்களே கற்றுக்கொள்ள முடியும். அதற்குக் கருவிகள் தேவை. கையில் இருப்பதோ கொஞ்சம் பணம். எதை வாங்குவது?

பலருடைய கண் முதலில் போவது 'நூறு துண்டு' என்று எழுதிய பெரிய பெட்டியின் மேல்தான். அதை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரு கணக்குப் போடுவோம். பெட்டியின் விலை 60 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கருவி 60 சென் என்று மனம் மகிழும். ஆனால் அந்த நூறில் நீங்கள் உண்மையில் எடுப்பது பத்து மட்டும் என்றால், ஒன்றின் விலை 6 ரிங்கிட். அந்தப் பத்தும் 60 சென் தரத்தில்தான் இருக்கும்.

ஜப்பானிய வண்டிகளில் அடிக்கடி வரும் போல்ட் தலைகளின் அளவு 8, 10, 12, 14, 17 மில்லிமீட்டர். இந்த ஐந்து அளவில் நல்ல ஸ்பானர்கள், இரண்டு திருப்புளிகள், ஒரு குறடு, ஒரு ஆலன் சாவிக் கொத்து, ஒரு சுத்தியல். மொத்தம் பத்து. வீட்டில் செய்யக்கூடிய வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு இவை போதும். ஒரே நாளில் எல்லாம் வாங்க வேண்டியதில்லை. 10 மில்லிமீட்டரில் தொடங்குங்கள்.

நல்ல ஸ்பானரை எப்படி அறிவது? 'குரோம் வனேடியம்' என்ற முத்திரை மட்டும் போதாது. எஃகில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு குரோமியமும் மிகச் சிறிதளவு வனேடியமும் சேர்ந்தால் அது வலுப்பெறும் என்பது உண்மை. ஆனால் அந்த எஃகைச் சூடாக்கி, சட்டெனக் குளிர்வித்து, மீண்டும் அளவாகச் சூடாக்கிப் பதப்படுத்த வேண்டும். பதம் குறைந்தால் ஸ்பானரின் வாய் விரியும். கடினம் மிகுந்தால் உடையும். முத்திரை இதைச் சொல்லாது.

ஆகவே கடைக்குப் போகும்போது 10 மில்லிமீட்டர் தலையுள்ள ஒரு புதிய போல்டைச் சட்டைப் பையில் எடுத்துச் செல்லுங்கள். ஸ்பானரை அதில் மாட்டி ஆட்டிப் பாருங்கள். 'கடகட' என்று ஆடினால் வைத்துவிடுங்கள். இடைவெளி இருந்தால், விசை போல்டின் பக்கத்தில் பரவாமல் மூலையில் குவியும். மூலை மழுங்கும். போல்டைச் சுற்றிப் பிடிக்கும் வளைய முனை உள்ள ஸ்பானரே நல்லது. திறந்த வாய் இரண்டு பக்கங்களை மட்டுமே பிடிக்கும்.

திருப்புளியிலும் ஒரு நுட்பம் உண்டு. கூட்டல் குறி போன்ற திருகாணிகள் எல்லாம் ஒன்றல்ல. நாம் பொதுவாக வாங்கும் பிலிப்ஸ் வகை 1930களில் அமெரிக்காவில் பரவியது. பழைய ஜப்பானிய வண்டிகளில் இருப்பது ஜே.ஐ.எஸ். வகை, அதன் தலையில் பெரும்பாலும் ஒரு சிறு புள்ளி இருக்கும். பிலிப்ஸ் முனை அதில் முழுதாக உட்காராமல் எழும்பி, தலையைத் தின்றுவிடும். ஜே.ஐ.எஸ். திருப்புளியைக் கேட்டு வாங்குங்கள்.

சிறிய ஸ்பானர் ஏன் குட்டையாக இருக்கிறது? திருப்புத்திறன் என்பது விசையையும் கைப்பிடி நீளத்தையும் பெருக்கி வருவது. 10 மில்லிமீட்டர் தலையுள்ள போல்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். 12 சென்டிமீட்டர் ஸ்பானரில் அது 83 நியூட்டன், அதாவது எட்டரைக் கிலோ எடை அளவு. அதே விசையை 30 சென்டிமீட்டர் குழாய் மாட்டிக் கொடுத்தால் 25 நியூட்டன் மீட்டர் ஆகிவிடும். அலுமினியத்தில் வெட்டிய மரை பிய்ந்துவிடும்.

பணம் போதவில்லையா? சுத்தியல், தூரிகை, எண்ணெய்த் தட்டு ஆகியவற்றில் சிக்கனம் பாருங்கள். லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையிலும் தேடலாம். வாய் விரியாத, விரிசல் இல்லாத பழைய ஸ்பானர், புதிய மட்டமான ஸ்பானரைவிட மேல். அங்கும் அந்தப் போல்ட் சட்டைப் பையில் இருக்கட்டும்.

நான் இதை வற்புறுத்துவதற்குக் காரணம் பணம் மட்டுமல்ல. மட்டமான கருவியால் போல்ட் மழுங்கும்போது, முதல் முறை செய்யும் மாணவர், "எனக்குக் கைவேலை வராது" என்று முடிவு கட்டிவிடுகிறார். குறை எஃகில் இருந்தது; பழி கைக்கு வந்தது. அப்படி ஒதுங்கிய கைகளில் எத்தனை நல்ல கைகள் இருந்திருக்கும்!

பிரேக், சக்கர அச்சு வேலைகளை மட்டும் தெரிந்த பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள். மற்றபடி, இந்த வாரம் வீட்டு வண்டியின் போல்ட் தலைகளை அளவுகோலால் அளந்து ஒரு பட்டியல் எழுதுங்கள். அதன் பிறகு கடைக்குப் போங்கள்.