ரீஸ்டார்ட் முதலுதவிதான், மருந்தல்ல

வாழவந்திக்கு வந்து ஓய்வாக இருந்தாலும், பல வருடம் சர்வர் பார்த்த பழக்கம் விடவில்லை. "காலையில் வேகம், போகப் போக மந்தம், ரீஸ்டார்ட் செய்தால் சரி" என்று யாராவது சொன்னால் நான் கேட்பது ஒன்றே: எத்தனை மணி நேரத்தில் மந்தமாகிறது?

பெரும்பாலும் காரணம் மெமரி கசிவு. வேலைக்கு எடுத்த மெமரியைப் புரோகிராம் திருப்பித் தராமல் வைத்துக்கொள்கிறது. ரீஸ்டார்ட் தரையைத் துடைக்கும். கூரை ஒழுகலை அடைக்காது.

ஓட ஓடப் பிழை சேர்வதால் உயிர் போனதும் உண்டு. 1991 வளைகுடாப் போரில், சவூதியின் தஹ்ரானில் இருந்த பேட்ரியாட் ஏவுகணைக் கணினி 100 மணி நேரம் நிற்காமல் ஓடியது. கடிகாரப் பிழை சேர்ந்து விநாடியில் மூன்றில் ஒரு பங்கு ஆனது. பிப்ரவரி 25-ல் வந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தனர். நெடுநேரம் ஓட்டினால் பிழை வரும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். எத்தனை மணி என்று சொல்லவில்லை. திருத்திய மென்பொருள் மறுநாள்தான் வந்தது.

ஆகவே ரீஸ்டார்ட் செய்யுங்கள். கூடவே மணிக்கொரு முறை மெமரி அளவைக் குறித்து வையுங்கள். எந்த வேலையின்போது ஏறுகிறது என்று பார்த்தால் கசிவு அகப்படும். நவம்பரில் வாழ்நாள் சான்றிதழுக்காகத் திரை முன் காத்திருக்கும் நம் போன்ற பென்ஷன்காரர்களுக்கு அதுதான் உதவி.