பட்டியலில் இல்லாத கல்லுக்கு யார் காவல்?

மாண்புமிகு தமிழகச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலுக்குக் குடமுழுக்கு முடிந்தது. விமானம் பளபளக்கிறது. ஆனால் கருவறைத் தென்புற அதிட்டானத்தில் இருந்த சோழர் காலக் கல்வெட்டை இனி யாரும் படிக்க முடியாது. சுண்ணாம்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுக்கிறோம் என்று மணல்வீச்சு எந்திரத்தால் அடித்துவிட்டார்கள். நந்தாவிளக்கு எரிக்க ஒருவர் தொண்ணூறு ஆடு கொடுத்த செய்தி அது. இப்போது ‘ஸ்வஸ்திஸ்ரீ’ மட்டும் விரலுக்குத் தட்டுப்படுகிறது. கீழ்வரிகள் இரண்டும் புதிதாகப் பாவிய கிரானைட் தளத்துக்கு அடியில் போய்விட்டன. அந்தத் தளத்திலேயே உபயதாரர் பெயரை வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆடு கொடுத்தவர் போனார், கிரானைட் கொடுத்தவர் வந்தார்!

திருப்பணிக் குழுவினர் கெட்டவர்கள் அல்லர்; கைக்காசு போட்டுச் செய்தவர்கள். நான் புகார் கொடுக்கப் போன இடத்தில் அதிகாரி கேட்ட முதல் கேள்வி, “அது பாதுகாக்கப்பட்ட சின்னமா?” இல்லை என்றேன். பேச்சு அத்தோடு முடிந்தது.

அவர் கேட்டது சட்டப்படி சரி. என் ஆதங்கமே அதுதான். 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் 1966-ஆம் ஆண்டு மாநிலச் சட்டமும் அரசு அறிவித்த சின்னங்களுக்குத்தான் காவல். மத்தியப் பட்டியலில் ஏறிவிட்டால் ராஜ மரியாதை: 2010 திருத்தப்படி சுற்றிலும் 100 மீட்டருக்குப் புதுக் கட்டடம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும், சின்னத்தைச் சிதைத்தால் 2 ஆண்டு வரை சிறை. ஆனால் தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் உள்ளவை நானூற்றுச் சொச்சம். அறநிலையத் துறையின் கீழ் இருக்கும் கோயில்களோ 40,000-க்கும் மேல்.

திருப்பணிக்கு வல்லுநர் குழு அனுமதி உண்டே என்பீர்கள். உண்டு. அனுமதி வந்தபின் எந்திரம் யார் கைக்குப் போகிறது என்று பார்க்கத்தான் ஆளில்லை. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கோயில்கள், தொல்சின்னங்களின் பாதுகாப்பு குறித்து 75 கட்டளைகள் பிறப்பித்தது. உங்கள் அவை 2012-இல் நிறைவேற்றிய பாரம்பரிய ஆணையச் சட்டமோ ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடந்தது.

நான் கேட்பது பெரிதல்ல. நூறாண்டு தாண்டிய கல்வெட்டு எங்கிருந்தாலும், பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மசிப்படி எடுத்த பிறகே வேலை தொடங்க வேண்டும். கல்வெட்டு அறிந்த ஒருவர் வந்து பார்த்துக் கையெழுத்திடாமல் ஒப்பந்ததாரருக்குப் பட்டுவாடா கூடாது. இதைச் சட்டத்திலேயே எழுதுங்கள்.

அடுத்த கூட்டத்தொடர் வரை தள்ளாதீர்கள். பக்கத்து ஊர்ப் பெருமாள் கோயிலில் பாலாலயம் முடிந்து சாரம் கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஊர்க்காரன் ஒருவன்