பாதுகாப்புக்கு எடுத்த பதிவு வேவு பார்க்க அல்ல

மாண்புமிகு ஒன்றிய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனத்தின் தகவல் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-வது பிரிவு பற்றி உங்களிடம் முறையிட வேண்டியிருக்கிறது. வேலை நிமித்தமாகவும், நிறுவனத்துக்கு நட்டம் வராமல் காக்கவும், ஊழியரின் தரவை அவர் ஒப்புதல் இல்லாமலே கையாளலாம் என்கிறது அது. தொழில் ரகசியம் கசியக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதற்காகத்தான் எங்களுக்குச் சம்பளம். ஆனால் அந்த அனுமதி எதுவரை செல்லும் என்று சட்டம் வரையறுக்கவில்லை.

எங்கள் கைக்கு என்னவெல்லாம் வருகிறது என்பதை நீங்கள் அறிய வேண்டும். ஊழியரின் லேப்டாப்பில் நிறுவனத்தின் சான்றிதழ் ஒன்றை ஏற்றிவிட்டால் போதும். பிரவுசர் எந்த எச்சரிக்கையும் காட்டாது. நடுவில் இருக்கும் ப்ராக்ஸி எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி மூடி அனுப்பும். வைரஸும் தரவுத் திருட்டும் அதில் பிடிபடுகின்றன. மதிய இடைவேளையில் ஒரு பெண் திறந்து பார்க்கும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் அதே வழியில்தான் போகிறது. மருத்துவமனை, வங்கித் தளங்களைப் பிரிக்காமல் விட அந்தக் கருவியிலேயே வசதி உண்டு. அதைப் போடுவதும் போடாததும் இன்று நிறுவனத்தின் இஷ்டம்.

பிறகு ஒருநாள் மேலாளரிடமிருந்து மெயில் வரும்: “இவர் போன மாதம் எந்தெந்த வேலைவாய்ப்புத் தளங்களைப் பார்த்தார், எத்தனை மணிக்கு லாகின் செய்தார், எடுத்துக் கொடுங்கள்.” ஊடுருவலைக் கண்டுபிடிக்கச் சேர்த்த பதிவு, ஒருவரை வீட்டுக்கு அனுப்பக் காரணம் தேடும் கோப்பாகிறது. மறுத்தால் அப்ரைசலில் அடி விழும். மறுப்பவருக்குத் துணையாக இந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

அரசு அந்தரங்கத்தில் தலையிட வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நோக்கம் நியாயமாக இருக்க வேண்டும், அளவு மீறக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்தின் 2017 புட்டசாமி தீர்ப்பு சொன்னது. அந்த அளவுகோல் முதலாளிக்கும் பொருந்த வேண்டாமா? உங்கள் அமைச்சகமே கொண்டுவந்து, 2022-ல் திரும்பப் பெற்ற 2019 தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா இதில் எவ்வளவோ கவனமாக இருந்தது. வேலைக்காக ஒப்புதலின்றித் தரவைக் கையாளலாம் என்ற சலுகையிலிருந்து உடல்நலத் தரவையும் நிதித் தரவையும் அது விலக்கியது. இன்றைய சட்டத்தில் அந்த வேலி இல்லை.

குவித்துவைத்தது என்றாவது கசியும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் எச் அண்ட் எம் ஆடை நிறுவனத்தின் மேலாளர்கள், ஊழியர்களின் நோய், குடும்பச் சிக்கல், மத நம்பிக்கை பற்றியெல்லாம் குறிப்பெழுதி வைத்திருந்தார்கள். 2019 அக்டோபரில் ஒரு கணினி அமைப்புப் பிழையால் அவை சில மணி நேரம் நிறுவனம் முழுக்கத் திறந்து கிடந்தன. மறு ஆண்டு விதிக்கப்பட்ட அபராதம் சுமார் 3.53 கோடி யூரோ.

எனவே, உடல்நலம், பணம் தொடர்பான தரவுக்கு அந்தப் பழைய வேலியைத் திரும்பப் போடுங்கள். கண்காணிப்பு நடக்கிறது என்பதையும் எந்த அளவுக்கு என்பதையும் ஊழியரிடம் முன்கூட்டியே எழுத்தில் சொல்வதைக் கட்டாயமாக்குங்கள். பாதுகாப்புப் பதிவை வேறு காரியத்துக்குக் கேட்பவர் காரணத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும். சம்பந்தப்பட்ட ஊழியருக்கு அதன் நகல் போக வேண்டும். முறையற்ற கோரிக்கையை மறுக்கும் பாதுகாப்புப் பணியாளரை அதற்காகத் தண்டிக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதுங்கள்.

இப்படிக்கு,
தகவல் பாதுகாப்புப் பொறியாளர் ஒருவர்,
சென்னை